பிழை பேரேட்டில் இருக்கிறது

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்று ‘சிபில்’ என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறிக்கு நூல் வாங்கக் கடன் தேடுபவர், பால்கோவாக் கடைக்குக் குளிர்பெட்டி வாங்க நினைப்பவர், மகளைக் கல்லூரியில் சேர்க்கும் மில் தொழிலாளி, குழு லோன் எடுக்கும் பெண் என எல்லோர் வாயிலும் அது புழங்குகிறது. ‘சிபில் அடிவாங்கிவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் வங்கிப் பக்கம் இனி போய்ப் பயனில்லை என்று பொருள். அடிவாங்கியவர்களில் பலர் உண்மையிலேயே தவணை தவறியவர்கள். வேறு சிலர் கட்டி முடித்த கடன் கட்டாததாகப் பதிவானவர்கள், அல்லது வாங்காத கடனுக்குப் பெயர் ஏறியவர்கள். இவர்களுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை, பதில் சொல்லக் கெடுவும் உண்டு. இருந்தும் மனுப் போட்டவருக்கு ‘மாற்றம் இல்லை’ என்ற ஒற்றை வரியே பதிலாக வருவது ஏன்? மனுதாரர் கடன் அறிக்கையின் மதிப்பெண்ணோடு மல்லுக்கட்டுகிறார், பிழையோ கடன் கொடுத்தவரின் பேரேட்டில் ஏதோ ஒரு வரியில் இருக்கிறது என்பதுதான் என் பதில். அறிக்கைத் திருத்தத்தில் வழக்கமாகச் செய்யப்படும் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த ஒரே இடறலின் கிளைகளாகத் தெரிகின்றன.

அறிக்கை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிபில் இன்று டிரான்ஸ்யூனியன் சிபில் என்ற பெயரில் இயங்குகிறது. ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகியவற்றையும் சேர்த்து நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி இவற்றைக் கண்காணிக்கிறது. இவை யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று நேரில் விசாரிப்பதும் இல்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களை வாங்கி, ஒரே ஆளுடையவை என்று தோன்றுபவற்றை ஒன்றாகக் கோத்து, 300 முதல் 900 வரையிலான ஓர் எண்ணாகச் சுருக்கித் தருகின்றன. முன்பு மாதம் ஒருமுறை போன விவரம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே சிபிலுக்கு மனுப் போட்டால் சிபில் செய்வது ஒன்றுதான்: அதே வங்கிக்கு அதை அனுப்பி, ‘நீங்கள் கொடுத்த விவரம் சரியா?’ என்று கேட்கும். வங்கி ‘சரி’ என்றால் பதிவு அப்படியே நிற்கும். வங்கியின் ஒப்புதல் இல்லாமல் கணக்கு விவரத்தில் சிபில் கைவைக்க முடியாது. ஊரில் பலர் நினைப்பதுபோல் அது தீர்ப்புச் சொல்லும் இடம் கிடையாது.

சிபில் தானே செய்யக்கூடிய பிழை ஒன்று உண்டு. அது கோப்பதில் வருவது, இந்த இரண்டு ஊர்களுக்கும் அதில் தனிப் பங்கு இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் ‘மாரியப்பன் எம்’ என்று இருப்பவர், பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காததால் அங்கே ‘மாரியப்பன் மாடசாமி’ ஆகிறார். பழைய பாஸ்புக்கில் ‘எம். மாரியப்பன்’, நகைக்கடன் சீட்டில் வெறும் ‘மாரியப்பன்’. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து வைத்த பெயர் இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் கோதையும் ரெங்கமன்னாரும் அப்படித்தான். ‘ராஜா’ என்று பெயர் முடிபவர்களை ராஜபாளையத்தில் எண்ண உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் ஒரே வீட்டுக்குள்ளேயே ஒரே பெயர் இரண்டு தலைமுறையில் வருகிறது. முகவரியிலோ தெற்குத் தெரு, வடக்குத் தெரு, பழைய எண், புதிய எண். பிறந்த தேதி தெரியாமல் ஆதார் எடுத்தவர்களுக்கு ஜனவரி 1 என்று விழுந்திருக்கிறது. பள்ளிச் சான்றில் வேறு தேதி. பெயரும் தெருவும் பிறந்த நாளும் ஏறத்தாழ ஒத்துப்போகும் இரண்டு பேரின் கடன்களைக் கணினி ஒரே கோப்பில் சேர்த்துவிட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெண்களுக்கு இதுவே எதிர்ப்பக்கமாக வருகிறது. திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியலில் தொடங்கிய கணக்கும், பின்னர் கணவரின் இனிஷியலில் எடுத்த குழு லோனும் இரண்டு பேருடையவையாகப் பிரிந்துபோகலாம். பத்து வருடம் ஒழுங்காகக் கட்டிய வரலாறு ஒரு கோப்பில் இருக்க, கடன் கேட்கப்படுவதோ காலியான இன்னொரு கோப்பின் பேரில்.

இந்த வகைப் பிழைக்கு வங்கியில் போய் நின்று பயனில்லை. அந்தக் கடன் உண்மையானது, இன்னொருவருடையது, வங்கியின் பேரேட்டில் சரியாகவே இருக்கிறது. இங்கே மனு தகவல் நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்; ‘இந்தக் கணக்கு என்னுடையது அன்று’ என்ற ஒரே கோரிக்கையோடு, பான், ஆதார் நகல்களோடு. ஆக மனு எழுதும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி, பிழை யாருடையது என்பது. கடன் என்னுடையது, விவரம் தப்பு என்றால் கடன் கொடுத்தவர். கடனே என்னுடையது இல்லை, பெயர் ஒத்தவருடையது என்றால் தகவல் நிறுவனம். பெயர் ஒத்தவரும் இல்லாமல், என் பான் எண்ணை யாரோ திருடி எடுத்த கடன் என்றால் இரண்டு இடத்திலும் எழுதுவதோடு சைபர் குற்றப் புகாரும் வேண்டும். நடிகர் ராஜ்குமார் ராவ் 2022இல் தன் பான் எண்ணில் யாரோ 2,500 ரூபாய் கடன் எடுத்துவிட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அவ்வளவு சிறிய தொகையும் அறிக்கையில் ஏறும். ஏறினால் பெரிய தொகையைப் போலவே கெடுக்கும்.

இனி பேரேட்டுப் பிழைக்கு வருவோம். அதற்கு ஓர் ஊற்று வங்கி இணைப்பு. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1977 முதல் இயங்கிய பாண்டியன் கிராம வங்கி, 2019 ஏப்ரல் 1 அன்று பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. அடுத்த ஆண்டே அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும் கரைந்தன. 2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் கைக்குப் போனது. ஒவ்வோர் இணைப்பிலும் கணக்கு எண்களும் கிளைக் குறியீடுகளும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறின. பழைய எண்ணில் ஒரு கடன் முடிக்கப்படாமல் தொங்கிக்கொண்டும், அதே கடன் புது எண்ணில் முடிந்தும் இருப்பதற்கு இதைவிடத் தோதான சூழல் கிடையாது. கடன்காரர் பழைய வங்கியின் பெயரைத் தேடுகிறார், அந்தப் பெயரில் இப்போது கிளையே இல்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டது வாரிசு வங்கி. வங்கி தன் வாராக் கடனைச் சொத்துச் சீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தாலும் இதே சிக்கல்தான். ஸ்டேட் வங்கி தன் கல்விக் கடன்களை ரிலையன்ஸின் சீரமைப்பு நிறுவனத்துக்கு விற்ற விவகாரம் 2016இல் தமிழகத்தில் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது நினைவிருக்கலாம். விற்கப்பட்ட கடனுக்கு வாங்கியவர்தான் பதிவு அனுப்புகிறார். கிளை மேனேஜரிடம் போய்க் கெஞ்சினால் அவரால் செய்ய முடிந்தது அநேகமாக அனுதாபப்படுவது மட்டுமே.

நகைக்கடனும் இன்னொரு ஊற்று. விவசாய நகைக்கடன் என்று ஓராண்டுக்கு வைப்பார்கள்; வருடம் முடிந்ததும் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பார்கள். வைத்தவர் கண்ணுக்கு அது ஒரே நகை, ஒரே கடன். வங்கிக்கோ பழைய கணக்கு முடிந்து புதியது தொடங்குகிறது. கெடு தாண்டிப் பத்து நாள் கழித்துத் திருப்பி வைத்தால் அந்தப் பத்து நாள் தாமதமாகப் பதிவாகும். பழைய கணக்கை முடித்த விவரம் அனுப்பப்படாவிட்டால் கடன் இரண்டாகத் தெரியும். பத்து நாள் தாமதம் உண்மை. இரண்டாகத் தெரிவது பிழை. இரண்டையும் ஒரே மனுவில் போட்டு ‘எல்லாம் தப்பு’ என்று எழுதினால், உண்மையான பாதியை வைத்துப் பிழையான பாதியையும் நிராகரிக்க வங்கிக்கு வசதியாகிவிடும்.

மெய்யைப் பொய் என்று வாதிடும் இந்தப் பழக்கமே மனுக்களைத் தோற்கடிப்பதில் முதலிடம் பெறுகிறது என்பேன். பேசி முடித்துப் பாதிப் பணத்தோடு கடனை முடித்தவர், அறிக்கையில் ‘செட்டில்ட்’ என்று இருப்பதைப் பார்த்துக் கொதிக்கிறார்: வங்கியே கூப்பிட்டுக் கொடுத்த சலுகைதானே இது? சலுகைதான். ஆனால் முழுத் தொகையும் வரவில்லை என்ற தகவலும் மெய்தானே. அதை ‘முடிந்தது’ என்று மாற்றுவதற்கு ஒரே நேர்வழி, விட்டுக்கொடுத்த மீதியைக் கட்டிவிட்டு வங்கியிடம் புதுச் சான்று வாங்குவது. வங்கி தன் கணக்குச் சுத்தத்துக்காக ஒரு கடனை ‘ரைட் ஆஃப்’ செய்தது என்பதும் அப்படித்தான். கடன்காரரின் பொறுப்பு அதனால் தீர்வதில்லை, அந்த வரி பொய்யும் ஆகாது. மில்லில் கூட வேலை செய்பவருக்கு ஜாமீன் போட்டவர், ‘நான் வாங்காத கடன் என் பேரில் இருக்கிறது’ என்கிறார். ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்பளவுக்கே நீள்வது. அது அறிக்கையில் வருவது பிழையாகாது. சுய உதவிக் குழுக் கடன் முன்பு குழுவின் பேரில் மட்டும் இருந்தது. 2016 முதல் உறுப்பினர் வாரியாகவும் விவரம் போகத் தொடங்கியது. இதை அறியாதவர்கள் தங்கள் பேரில் கடன் இருப்பதையே பிழை என்று எண்ணிவிடுகிறார்கள். தாங்கள் கட்டிய பங்கு சரியாக ஏறியிருக்கிறதா என்பதல்லவா பார்க்க வேண்டியது! மாறாக, 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான கொரோனாத் தவணை விலக்கைப் பெற்றவருக்கு அந்த மாதங்களில் தாமதம் என்று காட்டியிருந்தால் அது சந்தேகத்துக்கிடமில்லாத பிழை, ஏனென்றால் விலக்கு பெற்றதைக் கடன் வரலாற்றில் பாதகமாகக் காட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இப்படி வாதாட இடமிருக்கும் வரியைக் கவனிக்காமல் விட்டு, இடமில்லாத வரியில் முட்டி மோதுவது பரிதாபம்.

பெரும்பாலோர் பார்ப்பது முதல் பக்கத்து எண்ணை மட்டும்தான். அதைத் தாண்டிக் கணக்குப் பகுதிக்குப் போனால் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கட்டம் இருக்கும். கொடுத்தவர் பெயர், கடன் வகை, தொடங்கிய தேதி, கடைசியாகப் பணம் வந்த தேதி, முடிந்த தேதி, விவரம் அனுப்பப்பட்ட தேதி, நிலுவை, பாக்கித் தொகை. அதற்குக் கீழே முப்பத்தாறு மாதச் சிறு கட்டங்கள். ‘000’ என்றால் தாமதமில்லை. ‘030’ என்றால் முப்பது நாள். மூன்று எக்ஸ் என்றால் அந்த மாதம் விவரமே வரவில்லை, அவ்வளவுதான், அது குற்றச்சாட்டு ஆகாது. இந்தக் கட்டத்தில் ‘விவரம் அனுப்பப்பட்ட தேதி’தான் பல குழப்பங்களை அவிழ்க்கும் முடிச்சு. ஒருவர் பைக் லோனை 2022 மார்ச் மாதம் கட்டி முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் நிலுவை 11,000 என்று இருக்கிறது. அனுப்பிய தேதி 2022 பிப்ரவரி. அப்படியானால் நிதி நிறுவனம் பொய் சொல்லவில்லை, சொல்வதை நிறுத்திவிட்டது. அதே கட்டத்தில் அனுப்பிய தேதி சென்ற மாதம் என்று இருந்தால் கதையே வேறு. அந்த நிறுவனத்தின் பேரேட்டில் அவர் இன்னும் கடன்காரர்தான்; கடைசித் தவணைக்குப் பிறகு அபராத வட்டியாகவோ செக் திரும்பிய கட்டணமாகவோ ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் நிலைமைக்கு எழுத வேண்டியது ‘கடனை முடித்த விவரத்தை அனுப்புங்கள்’ என்ற மனு. இரண்டாவதற்கு முதலில் கணக்கு விவரப் பட்டியலை வாங்கி, ஒட்டிக்கொண்டிருப்பது எது, அது நியாயமா என்று பார்க்க வேண்டும். ‘என் சிபிலைச் சரிசெய்து தரவும்’ என்ற மனு இரண்டுக்கும் பொருந்தாது.

நல்ல மனு அரைப் பக்கத்தில் முடியும். கணக்கு எண், அறிக்கையின் கட்டுப்பாட்டு எண், அறிக்கை எடுத்த தேதி, பிழையான வரி இப்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும், அதற்கு என்ன சான்று. சான்று என்பது கடன் கொடுத்தவரே கொடுத்த தாளாக இருந்தால் வாதத்துக்கு இடமே இல்லை. கடன் முடிந்ததற்கான என்ஓசி, பணம் வரவான பாஸ்புக் பக்கம், ரசீது. குழு லோன் எடுத்தவர்களிடம் இதைவிட வலுவான ஒன்று இருக்கிறது, அதன் மதிப்பு அவர்களுக்கே தெரிவதில்லை. நுண்கடன் பற்றிய 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கடனுக்கும் கடன் அட்டை தர வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் கடைசியில் கடன் தீர்ந்ததற்கும் அதில் ஒப்புகை இருக்க வேண்டும். கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வசூலுக்கு வந்தவர் வாங்கிக்கொண்டு போன பணம் கணினியில் ஏறாமல் போனால் அந்த அட்டையில் உள்ள கையெழுத்தே போதுமான சாட்சி. கடன் முடிந்ததும் அட்டையைத் திருப்பிக் கேட்டால் நகல் எடுக்காமல் கொடுக்கக் கூடாது.

வாய்ப் புகார் அடுத்த இடறல். கிளைக்குப் போகிறோம், மேனேஜர் ‘பார்த்துக்கொள்கிறேன், ஒரு மாதத்தில் சரியாகிவிடும்’ என்கிறார், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான். அவருக்கு மாற்றல் வருகிறது. புது மேனேஜருக்கு எதுவும் தெரியாது. விதிகளின் கடிகாரமோ எழுத்தில் கொடுத்த தேதியிலிருந்துதான் ஓடும். 2023 அக்டோபர் 26 அன்று ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கை, அடுத்த ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதன்படி புகார் 30 நாளுக்குள் தீர வேண்டும். அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். அவர் அதற்குள் திருத்திய விவரத்தை அனுப்பாவிட்டால், முப்பதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் அவர் தர வேண்டும். அவர் 21 நாளுக்குள் அனுப்பியும் தகவல் நிறுவனம் தூங்கினால் அது தர வேண்டும். புகாரை நிராகரித்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். தேதியும் முத்திரையும் போட்ட நகலோ இணையப் புகாரின் எண்ணோ கையில் இல்லாதவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. அதேபோல் மதிப்பெண் குறைவாகக் கணக்கிடப்பட்டது என்ற புகாருக்கு இழப்பீடே கிடையாது என்றும் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. எதிர்த்து எழுத வேண்டியது பதிவை என்பதற்கு இதைவிட நேரான அத்தாட்சி வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். மக்களுக்கு வேண்டியது கடன்; கடன் கொடுப்பவர் பார்ப்பது மதிப்பெண்; பிறகு மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதே என்றால் எப்படி? நியாயமான கேள்வி. அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அங்கு ஐந்தில் ஒருவரின் அறிக்கையில், மனுப் போட்டபின் திருத்தப்பட்ட பிழை ஒன்றாவது இருந்தது. மனுப் போட்டவர்களில் ஐந்தில் நால்வருக்கு ஏதோ ஒரு மாற்றம் கிடைத்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான் மதிப்பெண் மாறியது. அதாவது பதிவைத் திருத்துவது சாத்தியமான வேலை. மதிப்பெண் அதைத் தொடர்ந்து வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டாலும் திருத்தம் வீணாவதில்லை. வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கி அதிகாரி எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை, பாக்கி என்று நிற்கும் ஒரு வரியைச் சுட்டி விளக்கம் கேட்பார். வேலைக்கு எடுப்பவரும் அந்த வரியைத்தான் பார்க்கிறார். அறிக்கையில் இருந்த பாதகமான கடன் வரலாற்றைக் காட்டி ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் சரி என்றது. மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னதையும் சேர்த்துப் படித்தால், எண்ணைவிட வரி எங்கே கனக்கிறது என்பது தெரியும்.

மதிப்பெண் மோகத்தில் வளர்ந்திருக்கும் ஒரு தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘சிபில் ஸ்கோர் ஏற்றித் தரப்படும்’ என்ற விளம்பரத்தை நம்பிப் போகிறவர், ஓடிபியையும் கடவுச்சொல்லையும் யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கூடவே சில ஆயிரங்களையும் கொடுக்கிறார். அந்த ஆள் செய்வது பெரும்பாலும் அறிக்கையின் எல்லா வரியையும் ‘தவறு’ என்று இணையத்தில் தட்டிவிடுவதுதான். தகராறில் இருக்கும் வரிக்கு அப்படி ஒரு குறிப்பு ஏறும். சில நாளில் வங்கி ‘சரிதான்’ என்றதும் குறிப்பு போய்ப் பழைய வரி நிற்கும். நிராகரிப்பும் சேர்ந்துகொள்ளும். நாமே செய்தால் செலவு ஏதும் இல்லை: நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடப்பில் இருக்கும் விதி. நான்கையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. குழு லோன் பிழை சிபிலில் இல்லாமல் ஹைமார்க்கில் இருக்கலாம். அடுத்த குழு லோன் கொடுப்பவர் ஹைமார்க்கைப் பார்ப்பவராகவும் இருக்கலாம். பேரேட்டில் திருத்தினால் நான்குக்கும் போகும், ஓர் அறிக்கையில் திருத்தினால் அது ஒன்றோடு நிற்கும் என்பது இங்கும் பொருந்துகிறது.

‘சில்லறைப் பாக்கிதானே, வம்பு எதற்கு, கட்டித் தொலைத்துவிடு’ என்ற யோசனை வேறு வகை. அவசரமாகக் கடன் தேவைப்படுபவருக்கு இது எடுபடும், கட்டுபவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் தப்பான பாக்கியைக் கட்டுவது, அது பாக்கிதான் என்று ஒப்புக்கொள்வதாகிறது. கட்டிய பிறகு ‘முடிந்தது’ என்று மாறும், அதுவரை ஏறிய தாமத மாதங்கள் அப்படியே நிற்கும். பிறகு அவற்றைப் பிழை என்று வாதிட முகம் இருக்காது. கட்டியே தீர வேண்டும் என்றால் ஆட்சேபத்தோடு கட்டுவதாக எழுத்தில் கொடுத்துவிட்டுக் கட்டலாம்.

இவ்வளவையும் ஏன் சாமானியர் சுமக்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. விவரம் துல்லியமாக இருக்க வேண்டிய பொறுப்பைச் சட்டம் கடன் கொடுத்தவர் மீதும் தகவல் நிறுவனம் மீதும்தான் வைத்திருக்கிறது. கடன் தகவல் நிறுவனச் சட்டத்தின் விதிகளைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய்க்குச் சற்று மேல் அபராதம் போட்டது. கோடிக்கணக்கானோரின் விவரத்தை வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கு அது எறும்புக் கடி. இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடன் தீர்ந்தபின் சொத்துப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று அதே ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் விதித்தது. அடுத்த மாதமே, கடன் வரலாற்றைத் திருத்தாமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் என்றது. பத்திரம் கிடைக்காதவரின் நஷ்டமும் வரலாறு கெட்டதால் தறிக்குக் கடன் கிடைக்காதவரின் நஷ்டமும் ஐம்பது மடங்கு வேறுபடுகின்றனவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதி மாற வேண்டும். மாறும்வரை இருக்கிற விதியின் முழு நீளத்துக்கும் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்குத்தான் மனுவின் தேதி, எண், ஒட்டிய தாள் என்று இவ்வளவு நேரம் பேசியது.

முப்பது நாளாகியும் பதில் இல்லை, அல்லது காரணமில்லாத நிராகரிப்பு வந்தது என்றால் அடுத்த படி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 2021ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த திட்டத்துக்குள் கடன் தகவல் நிறுவனங்கள் 2022 செப்டம்பரில் கொண்டுவரப்பட்டன. புகார் இலவசம், இணையத்திலோ தபாலிலோ அனுப்பலாம். இங்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கே உரிய ஒரு சபலம் குறுக்கிடும். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருக்கும் ஊர். வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்பிவிட்டால் வங்கி நடுங்கும் என்ற நம்பிக்கை காற்றிலேயே உண்டு. நோட்டீஸ் அனுப்புவதில் தப்பில்லை. ஆனால் குறைதீர்ப்பாளரிடம் வக்கீல் மூலமாகப் புகார் கொடுக்க முடியாது, பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டும். அதே விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தால் குறைதீர்ப்பாளர் புகாரை எடுக்கவே மாட்டார். நிறுவனத்திடம் எழுதாமல் நேரே அவரிடம் போனாலும் திருப்பி அனுப்பப்படும். ஆகவே வரிசை முக்கியம்: கடன் கொடுத்தவர், தகவல் நிறுவனம், முப்பது நாள், குறைதீர்ப்பாளர், நஷ்டஈடு வேண்டுமென்றால் அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. கடைசிப் படியை முதலில் மிதித்தவருக்கு நடுவிலுள்ள இலவசப் படி இல்லாமல் போகிறது.

நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு அற்பம்தான் என்றாலும் அதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளுக்குள் அது மனுதாரரின் கணக்கில் ஏற வேண்டும்; தராவிட்டால் அதற்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இழப்பீட்டுக்கான வங்கிக் கணக்கு எண்ணையோ யுபிஐ முகவரியையோ எழுதப் புகார்ப் படிவத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று 2023 அக்டோபர் சுற்றறிக்கையே சொல்கிறது. அதைச் சரியாக எழுதும் பொறுப்பு மட்டும் மனுதாரருடையது.